இங்கிலாந்தின் வடிகால் வாரியங்கள் நீர்மட்டத்தை எப்படிக் கட்டுப்படுத்துகின்றன?

கிழக்கு இங்கிலாந்தின் ஃபென்ஸ் போன்ற தாழ்நிலங்களில் ஆறு வயலைவிட மேட்டில் ஓடுவதால் மழைநீர் தானாக வடியாது. எனவே 1991ஆம் ஆண்டு நில வடிகால் சட்டத்தின்கீழ் இயங்கும் உள்ளூர் வாரியங்கள், வாய்க்கால் நீரைப் பம்பு வைத்து ஆற்றுக்கு ஏற்றுகின்றன. குளிர்காலத்தில் மழைக்கு இடம்விட்டு மட்டத்தைத் தாழ்த்துவதும், கோடையில் பாசனத்துக்காக உயர்த்துவதும் பொதுவான வழக்கம். பம்புகளே கண்ணில் படுகின்றன என்றாலும், ஆண்டுதோறும் களைவெட்டித் தூர்வாராவிட்டால் தண்ணீர் பம்புவரை வந்தே சேராது. வாய்க்காலின் போக்கைத் தடுக்கும் கட்டுமானங்களுக்கு வாரியத்தின் அனுமதி தேவை. பெரிய ஆறுகளோ அரசு அமைப்பான சுற்றுச்சூழல் முகமையின் பொறுப்பு. செலவுக்கு விவசாய நிலங்களிடம் வரியும், உள்ளாட்சி மன்றங்களிடம் தனித்தீர்வையும் பெறப்படுகின்றன.

ஆனால் வடித்த நிலமே தாழ்கிறது: ஃபென்ஸ் பகுதியிலுள்ள ஹோம் ஃபென்னில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தரைமட்டம்வரை புதைத்த இரும்புத்தூண், கரிமண் (மக்கிய தாவரங்களாலான மண்) சுருங்கியதால் இன்று சுமார் 4 மீட்டர் வெளியே நிற்கிறது.