ஒரே புத்தகம், மூன்றாவது தடவை

கேள்வி: வீட்டில் ‘பொன்னியின் செல்வன்’ ஏற்கெனவே இரண்டு இருக்கிறது. ஒன்று, அம்மா வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்தது. இன்னொன்று, புத்தகக் காட்சியில் நான் வாங்கிய மலிவுப் பதிப்பு. இப்போது ஐந்து பாகத்தையும் கெட்டி அட்டையில், வண்ணப் படங்களோடு ஒரு பெட்டியில் வைத்து விற்கிறார்கள். ஆசையாக இருக்கிறது. “வந்தியத்தேவன் இதில் மட்டும் வேறு வழியாகவா போகப்போறான்?” என்கிறார் கணவர். வாங்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: எந்தப் பதிப்பிலும் அவன் வீரநாராயண ஏரிக்கரையில்தான் குதிரையில் வருவான். அந்த அளவில் உங்கள் வீட்டுக்காரர் சொல்வது சரி. ஆனால் அவர் கட்டும் வேட்டியும் எல்லாம் வெள்ளைதானே, ஒன்று போதும் என்று இருக்கிறாரா? ஆசைப்பட்டு வாங்குவது தப்பே இல்லை. எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் சரி.

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், ராயல்டி கிடையாது. கடைக்குக் கடை ஒரு பதிப்பு கிடைப்பது அதனால்தான். கதைக்குப் பணம் இல்லை என்றால், நீங்கள் கொடுக்கும் விலை தாளுக்கும் பைண்டிங்குக்கும் படத்துக்கும் பிழை திருத்தியவரின் உழைப்புக்கும்தான். அந்த நான்கையும் கடையிலேயே பார்த்துவிடலாம்.

முதலில் பைண்டிங். புத்தகத்தை மூடி, முதுகின் மேல்முனையைப் பாருங்கள். மடித்த தாள்கள் சின்னச் சின்னக் கட்டுகளாகத் தெரிந்து, ஒரு கட்டின் நடுவில் பிரித்தால் நூல் தென்பட்டால், அது தைத்தது. தாள்கள் தனித்தனியாகப் பசையில் நட்டமாக நின்றால் வெறும் ஒட்டு. கெட்டி அட்டை போட்டிருப்பதால் தைத்திருப்பார்கள் என்று நம்பிவிடாதீர்கள். உள்ளே ஒட்டு, வெளியே கெட்டி அட்டை என்பது இன்று சர்வசாதாரணம். இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் போகும் நாவலை, மல்லாந்து படுத்து நெஞ்சில் வைத்துப் படிக்கிற ஜாதி நாம். ஒட்டுப் புத்தகம் இரண்டாவது வாசிப்பிலேயே பக்கம் பக்கமாகக் கையோடு வரும்.

அப்புறம், அச்சுக்கோப்பு. இதில் நான் ஏமாந்திருக்கிறேன். வேறொரு நாவலுக்குச் ‘சிறப்புப் பதிப்பு’ வந்தது என்று இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கினேன். பழைய பிரதியையும் அதையும் பக்கத்தில் வைத்து நடுவில் ஒரே பக்க எண்ணைத் திறந்தால், முதல் வரியும் கடைசி வரியும் ஒன்று. பழையதில் கால் விடுபட்டிருந்த ‘ராஜாவின்’, புதியதிலும் ‘ராஜவின்’ என்றே நின்றது. பழைய கோப்புக்குப் புது உறை மாட்டியிருக்கிறார்கள். நீங்களும் மலிவுப் பதிப்பின் ஏதாவது ஒரு நடுப்பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அரை நிமிட வேலை.

படங்கள் விஷயத்தில் ஜாக்கிரதை. 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது வரைந்தவர் மணியம். பிறகு வேறு ஓவியர்களும் வரைந்திருக்கிறார்கள். கதை நாட்டுடமை ஆகிவிட்டது என்பதால் படமும் ஆகிவிடாது, அதன் உரிமை தனி. அதனால் பல பதிப்புகளில் படமே இருக்காது, அல்லது புதிதாக யாரையாவது வரையச் சொல்லியிருப்பார்கள். யார் வரைந்தது என்று உள்பக்கத்தில் போடாத பதிப்புக்கு ‘ஓவியங்களுடன்’ என்று கூடுதல் விலை தர எனக்கு மனசு வராது.

இவ்வளவும் தேறினால் வாங்குங்கள். அம்மாவின் பைண்டை மட்டும் இடமில்லை என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய இதழ்கள் என்றால் லை, னை எல்லாம் தும்பிக்கை தூக்கிக்கொண்டு நிற்கும். அத்தியாயம் முடிகிற இடத்தில் பாதித் துணுக்கும் அந்தக் காலத்து விளம்பரமும் ஒட்டிக்கொண்டிருக்கும். அது எந்தப் பெட்டியிலும் வராது.

கேள்வி: ‘முதல் பதிப்பு’ என்று போட்டிருந்த பழைய நாவல் ஒன்றை ஆன்லைனில் நல்ல விலை கொடுத்து வாங்கினேன். வந்தது நான்காம் பதிப்பு. “பழைய புத்தகத்துக்கு ரிட்டர்ன் கிடையாது” என்கிறார் விற்றவர்.
– வாசகர், மதுரை

பதில்: பழசோ புதுசோ, சொன்னது ஒன்று, அனுப்பியது ஒன்று என்றால் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. விளம்பரப் பக்கத்தை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அவர் திருத்திவிடுவதற்குள். பதிப்பு விவரம் உள்ள உள்பக்கத்தையும் படம் எடுத்து, பணம் திரும்ப வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். போனில் சண்டை போட்டால் கையில் எதுவும் நிற்காது. அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை.

ஒரு சிக்கல் உண்டு. விற்றவர் வியாபாரி இல்லாமல், தன் அலமாரியைக் காலி செய்கிற தனி ஆள் என்றால் இந்த விதிகள் அவரைக் கட்டுப்படுத்தாது. அப்படிப்பட்டவரிடம் வாங்கும்போது, பணம் அனுப்பும் முன்பே உள்பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கேள்வி: பிடித்த புத்தகத்தின் அட்டை கிழிந்துவிட்டது. உள்ளே எல்லாம் நன்றாக இருக்கிறது. அட்டைக்காகவே இன்னொன்று வாங்கவா?
– வாசகர், ஈரோடு

பதில்: பைண்டிங் கடையில் கொடுங்கள். பழைய அட்டையைத் தூக்கிப் போடாமல், புது அட்டையின் மேல் ஒட்டித் தரச் சொல்லுங்கள். ஓரம் வெட்ட வேண்டாம் என்று மறக்காமல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் பக்க ஓரத்தில் எழுதி வைத்த குறிப்பெல்லாம் மெஷினில் போய்விடும்.