ஐசோசிலஸ்னா எந்த ரெண்டு பக்கம் சமம்?

கேள்வி: சார், நான் மேல்படிப்புக்கு ஜிஆர்இ நுழைவுத்தேர்வு எழுதப்போறேன். அல்ஜீப்ரால்லாம் பரவால்ல, ஐசோசிலஸ், அதாவது இருசமபக்க முக்கோணம் வந்தாலே மார்க் போயிடுது. ஃபார்முலா எல்லாம் மனப்பாடம், அப்புறமும் ஏன் சார் தப்பாகுது?
– இன்ஜினியரிங் மாணவன், திருச்சி

பதில்: ஃபார்முலா மேல குத்தம் இல்ல தம்பி, மண்டையில ஒட்டிக்கிட்ட படம்தான் குத்தம். ஸ்கூல்ல இந்த முக்கோணத்தை எப்பவும் ஓட்டுக்கூரை மாதிரியே வரைஞ்சு காட்டிட்டாங்க, சமமான ரெண்டும் சாய்வா, மூணாவது கீழ. ஜிஆர்இல எந்த ரெண்டு சமம்னு சொல்லாமலே விட்டுடுவாங்க, அங்கதான் விழுறீங்க.

இந்த முக்கோணத்துல ஒரு கோணம் 40 டிகிரி, இருக்கறதுலயே பெரிய கோணம் பெருசா, 100 டிகிரி பெருசான்னு கேட்டா, 40, 40, 100ன்னு போட்டு 'ரெண்டும் சமம்'னு டிக் பண்ணிடுவீங்க. அந்த 40 உச்சியில இருந்தா மத்தது 70, 70 ஆச்சே? அதனால 'சொல்ல முடியாது'ங்கற டி ஆப்ஷன்தான் சரி.

இதைக் கத்துக்கிட்டவங்க அடுத்த குழியில விழுவாங்க. பக்கங்கள் 4, 9ன்னா சுற்றளவு 17 இல்லன்னா 22ன்னு எழுதுவாங்க. 4 இன்ச் குச்சி ரெண்டை நீட்டி வச்சாலும் 8தான், 9ஐ எட்டாது, அதனால 22 மட்டும்தான். அதே 5, 7ன்னா 17, 19 ரெண்டுமே வரும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இது: 5, 5, 6 முக்கோணம், 5, 5, 8 முக்கோணம், எதுக்குப் பரப்பு அதிகம்? அடி பெருசா இருக்கேன்னு 8ஐ சொல்லிடாதீங்க, ரெண்டும் 12தான்! உச்சியில இருந்து நேரா கோடு இறக்கினா ரெண்டுலயும் கிடைக்கறது அதே 3-4-5 துண்டு ரெண்டுதான், ஒண்ணுல 4ஐ ஒட்ட வச்சிருக்கு, இன்னொண்ணுல 3ஐ, அவ்வளவுதான் சங்கதி. ஆனா அந்தக் கோடு சமமில்லாத பக்கத்துல இறங்கினாத்தான் அதைச் சரிபாதியா வெட்டும், சமமான பக்கத்துல இறக்கிட்டு பாதின்னு எழுதிடாதீங்க.

ஜிஆர்இல ஜியோமெட்ரி படம் அளவுப்படி இருக்கணும்னு இல்ல, கண்ணுக்கு சமமா தெரியுதேன்னு நம்பாதீங்க. கணக்குப் பகுதியில 47 நிமிஷத்துல 27 கேள்விதான், ரஃப் பேப்பர்ல கோணலா ரெண்டு முக்கோணம் கிறுக்க பத்து செகண்ட் போதும்.

ஒரு பக்கம் 6, சுற்றளவு 20, இருசமபக்கம். நீளமான பக்கம் எவ்வளவு? போட்டுப் பாத்துட்டு எழுதுங்க.