முன்னாள் அதிபரின் கையில் ஒரு மனு

கேள்வி: அமெரிக்க அதிபராக இருந்த ஜான் குயின்ஸி ஆடம்ஸ், தேர்தலில் தோற்ற பிறகு நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் சாதாரண உறுப்பினராகப் போய் உட்கார்ந்தது கௌரவக் குறைவு இல்லையா?

பதில்: கௌரவம் என்று எதைச் சொல்கிறீர்கள்? 1824 தேர்தலில் போட்டியாளர் ஆண்ட்ரூ ஜாக்சனைவிடக் குறைந்த வாக்குகளே பெற்ற ஆடம்ஸை அதிபராக்கியது பிரதிநிதிகள் சபை. 1830-இல் அவரை அந்தச் சபைக்கு அனுப்பியவர்களோ மாசசூசெட்ஸ் வாக்காளர்கள். இதைப் போல வேறெந்தப் பதவியும் தமக்கு மகிழ்ச்சி தரவில்லை என்று அவரே நாட்குறிப்பில் எழுதினார். ‘முன்னாள்’ என்ற அடைமொழியோடு மேடைக்கு மேடை பொன்னாடைக்காகக் காத்திருப்பவர்களை இதே பக்கத்தில் சாடி, வேண்டிய மட்டும் வசவு வாங்கியவன் நான்; ஆகவே இவர் மீது எனக்குச் சற்றுப் பட்சபாதம் உண்டு.

அடிமை முறையை எதிர்த்து வரும் மனுக்களைப் படிக்காமலும் விவாதிக்காமலும் ஓரங்கட்டிவிட வேண்டும் என்று 1836-இல் சபை ஒரு தடை விதித்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் ஆடம்ஸ் எழுந்து, இருபத்திரண்டு அடிமைகள் அனுப்பியதாகச் சொல்லப்படும் மனு ஒன்று தம்மிடம் இருப்பதாகவும், அது அந்தத் தடைக்குள் வருமா என்று சபாநாயகர் போல்க் தெளிவுபடுத்த வேண்டும் என்றும் மிகப் பவ்யமாகக் கேட்டார். அடிமை முறை நிலவிய தென்மாநிலங்களின் உறுப்பினர்கள் கொதித்தெழுந்தார்கள். வெளியேற்று என்றார்கள், கண்டனத் தீர்மானம் என்றார்கள், காகிதத்தைக் கொளுத்த வேண்டும் என்றுகூடச் சொன்னார்கள். எல்லோரையும் போதுமான அளவு கத்தவிட்ட பிறகுதான், அடிமை முறையை ஒழிக்கக் கூடாது என்று வேண்டும் மனு அது என்பதைக் கிழவர் வெளியிட்டார். படிக்காத காகிதத்துக்காகத் தொண்டை கிழியக் கத்திய கனவான்கள், சபையை ஏமாற்றியதாக அவர் மீதே குற்றஞ்சாட்டினார்கள். கண்டனம் நிறைவேறவில்லை, அடிமைகளுக்கு மனுச் செய்யும் உரிமை கிடையாது என்று மட்டும் தீர்மானம் போட்டு மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

1842-இல் ஆடம்ஸ் மீது மீண்டும் கண்டனத் தீர்மானம் கொண்டுவரப்பட்டபோது, எழுபத்து நான்கு வயதில் ஏறக்குறைய இரண்டு வாரங்கள் சபையில் நின்று வாதாடி அதை முறியடித்தார். 1844 டிசம்பரில் 108-க்கு 80 என்ற வாக்குக் கணக்கில் தடை நீங்கியது. நீக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தவரும் நீங்கள் சொல்லும் அந்தச் சாதாரண உறுப்பினர்தான். அதிபராக இருந்த நான்கு ஆண்டுகளில் அவர் என்ன சாதித்தார் என்று கேட்டிருந்தீர்களானால், பதில் இரண்டு வரிகளில் முடிந்திருக்கும்.