வலி நின்றால் பல் ஆறிவிட்டதா? வாசகர் கேள்வி, பல் மருத்துவர் பதில்

கேள்வி: என் கணவருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை. இரண்டு வாரம் ராத்தூக்கமில்லாத வலி. கடையில் மாத்திரைப் பொட்டலம் வாங்கிச் சாப்பிட்டார், வலி நின்றது. இப்போது ஈறில் சின்னக் கொப்புளம். உடைந்தால் வாயில் உப்புக் கரிக்கிறதாம். வலிதான் இல்லையே, டாக்டர் எதற்கு என்கிறார். விட்டுவிடலாமா? (வாசகி, ரங்கூன்)

பதில்: விடாதீர்கள் அம்மா. பல் ஆறியதால் வலி நிற்கவில்லை, உள்ளே இருந்த நரம்பு செத்ததால் நின்றது. சொத்தை எனாமலைத் தாண்டி நரம்பை எட்டியதும் அது வீங்கும். சுற்றிலும் கெட்டியான சுவர், வீக்கத்துக்கு இடமில்லை; அதனால்தான் விண் விண்ணென்று தெறித்தது, படுத்தால் கூடியது. நரம்பு செத்ததும் வலி ஓய்ந்தது. ஆனால் கிருமி வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிவிட்டது. அந்தக் கொப்புளம் சீழ் வெளியேறும் வாசல். வாசல் திறந்திருக்கும்வரை வலி தெரியாது, அடைபட்டால் முகம் வீங்கும்.

கீழ்க் கடைவாய்ப் பல் என்பதால் எனக்குக் கூடுதல் கவலை. பின்பக்கப் பற்களின் வேர் நுனி தாடையின் உட்புறத்தை ஒட்டி, வாயின் அடித்தளத் தசைக்கும் கீழே இருக்கும். சீழ் கன்னத்துக்கு வராமல் தாடைக்கு அடியிலும் கழுத்திலும் பரவலாம். இருபுறமும் பரவி நாக்கை மேலே தூக்கி மூச்சுப் பாதையை அடைப்பதை 1836இல் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்தார். இன்றும் அவர் பெயராலேயே அழைக்கிறோம்.

வாய் இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, குரல் மாறுகிறது, தாடைக்கு அடியில் கல் போல வீக்கம், காய்ச்சலோடு நடுக்கம்: இவற்றில் ஒன்று வந்தாலும் நடுராத்திரி என்று பார்க்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சு முட்டுகிற ஆளை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள், உட்கார்ந்தபடியே கொண்டுபோங்கள். மேல் பல்லால் வந்த வீக்கத்தில் கண் மூடிக்கொண்டாலும் இதே அவசரம்தான்.

மாத்திரை போதாதா என்று அவர் கேட்பார். செத்த நரம்புக்கு ரத்தம் ஓடுவதில்லை. மருந்து அங்கே போய்ச் சேராது. வெளியே பரவியதைக் கொஞ்சம் அடக்கும், அவ்வளவுதான். பல்லைத் திறந்து வேர் சிகிச்சை செய்ய வேண்டும், அல்லது பிடுங்க வேண்டும். கடையில் கலந்து கட்டித் தரும் பொட்டலத்தை இனி தொடவே வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. ஸ்டீராய்டு கலந்திருந்தால் வீக்கம் அமுங்கியது போலத் தெரியும், கிருமி வளர்ந்துகொண்டிருக்கும். வலிக்கிற ஈறில் ஆஸ்பிரினை அடக்கி வைக்கவும் கூடாது, தோல் வெந்துவிடும். டாக்டரைப் பார்க்கும்வரை ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பிட்டுக் கொப்பளிக்கலாம். அது சுகம் தரும், சிகிச்சை ஆகாது.

கேள்வி: இருபது வருடமாகக் குன்யா (வெற்றிலை பாக்கு) போடுகிறேன். பல் கறுத்திருக்கிறதே தவிர சொத்தை இல்லை. ஈறில் மட்டும் ரத்தம் வருகிறது. ரத்தம் வரும் இடத்தில் பிரஷ் படாமல் தேய்க்கிறேன். சரிதானா? (வாசகர், மோல்மீன்)

பதில்: அங்கேதான் கட்டாயம் தேய்க்க வேண்டும் ஐயா. மென்மையான பிரஷை ஈறின் ஓரத்தில் சாய்த்துப் பிடித்து, ரத்தம் வந்தாலும் மெதுவாகத் தொடருங்கள். தேய்க்காமல் விட்டால் அழுக்கு சேர்ந்து ரத்தம் கூடும். ஏற்கெனவே கல்லாக இறுகிவிட்ட காரையைப் பிரஷ் எடுக்காது, பல் டாக்டர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். சுத்தம் செய்தபின் பல் ஆடுகிறது, இடைவெளி விழுந்தது என்று பலர் பயப்படுகிறார்கள். ஈறு முன்பே இறங்கியிருந்தது, காரை அதை மறைத்துப் பிடித்திருந்தது. சர்க்கரை நோய் இருந்தால் டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்: ஈறு நோய் சர்க்கரையை ஏற்றும், ஏறிய சர்க்கரை ஈறைக் கெடுக்கும்.

பாக்கைப் பற்றி ஒன்று. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும். வாயில் வெள்ளைத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், காரம் பட்டாலே எரிச்சல், வாய் முன்போலத் திறக்காமை இருந்தால் ஈறைவிட அதை முதலில் காட்டுங்கள்.

கேள்வி: எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டரிடம் போக வேண்டும்? (வாசகர், மாந்தலே)

பதில்: பொதுவாக ஆறு மாதம். குன்யா போடுவோர், சர்க்கரை உள்ளவர், அடிக்கடி காரை சேர்பவர் மூன்று நான்கு மாதத்தில் போவது நல்லது. இரண்டு பல் இடுக்கில் ஒளியும் சொத்தை கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்ரே தேவையா என்று கேளுங்கள்.

கேள்வி: ஆறு வயது மகனுக்குப் பின்பல்லில் கறுப்புப் புள்ளி. பால்பல்தானே, விழுந்துவிடும் என்கிறார் மாமியார். (தாய், பீகு)

பதில்: அது பால்பல்தானா என்று முதலில் பாருங்கள். ஆறு வயதில் எல்லாப் பால்பல்லுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது ஆயுளுக்கும் உள்ள பல். பால்பல் என்று நினைத்து அதைக் கோட்டைவிடும் குடும்பங்கள் ஏராளம். நடுவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: ஆறாவதாக வந்தால் அதுதான். புள்ளி சிறிதாக இருக்கும்போதே அடைத்துவிடலாம். சொத்தை இல்லாத பல்லின் பள்ளங்களைப் பூசி மூடவும் வழியுண்டு. பால்பல்லாகவே இருந்தாலும் விடக்கூடாது, பின்பக்கப் பால்பற்கள் பத்துப் பன்னிரண்டு வயதுவரை வாயில் இருக்க வேண்டியவை.

ஃப்ளோரைடு 1000 பிபிஎம் அல்லது அதற்கு மேல் என்று டியூபில் இருக்கிறதா பாருங்கள். அவனுக்குப் பட்டாணி அளவு பேஸ்ட் போதும். மூன்று வயதுக்குள் உள்ள தம்பி தங்கை இருந்தால் அரிசி அளவு. காலையிலும் படுக்கும் முன்னும் இரண்டு நிமிடம் நீங்களே தேய்த்துவிடுங்கள், நுரையைத் துப்பச் சொல்லுங்கள். தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃப்ளோரைடு போய்விடும். தேய்த்தபின் டின்பால் டீ கொடுக்காதீர்கள். தூக்கத்தில் எச்சில் குறைவு, சர்க்கரை விடியும்வரை பல்லில் தங்கிவிடும்.