யோகம் – கேள்வி பதில்: குளிர்காலத்தில் இரண்டு நாள் ஓய்வு

கேள்வி: குளிர்கால வார இறுதி ஒன்றைக் கிராமப்புறத்துப் பழைய பெரிய வீட்டில் யோகாவுடன் கழிக்கலாம் என்று தோழி அழைக்கிறாள். வெள்ளி இரவு போய்ச் சேர வேண்டும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலையில் ஒரு வகுப்பு, மாலையில் ஒரு வகுப்பு. நடுவில் ஐந்தாறு மணி நேரத்துக்கு நிகழ்ச்சி எதுவும் இல்லை. மாலை வகுப்பிலும் பெரும்பாலும் படுத்தே இருப்போமாம். இதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா?

பதில்: போய் வாருங்கள், அந்த ஐந்தாறு மணி நேரத்துக்காகவே போய் வாருங்கள். நான் முதன்முதலாக இப்படியொரு முகாமை நடத்தியபோது, வந்தவர்களின் நேரம் வீணாகிவிடக் கூடாதே என்ற கவலையில் நாளொன்றுக்கு நான்கு வகுப்புகள் வைத்துவிட்டேன். ஞாயிறு மாலை விடைபெற்றுக் கிளம்பியவர்களின் முகங்களில், வந்தபோது இருந்ததைவிடக் கூடுதலான களைப்பு தெரிந்தது. வாரம் முழுவதும் விரட்டி வேலை வாங்கிய உடம்பு, விரட்டுவதை நிறுத்தியதும் உடனே நின்றுவிடாது. சனிக்கிழமைப் பகலெல்லாம் மனம் பழைய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும், மாலையில்தான் தோள்கள் மெல்ல இறங்கத் தொடங்கும் என்பதைப் பல முகாம்களில் கண்ட பிறகே, நடுப்பகலை வெறுமையாக விடக் கற்றுக்கொண்டேன். அந்த நேரத்தில் தூங்கலாம், நடந்துவிட்டு வரலாம், சன்னலோரம் உட்கார்ந்திருக்கலாம்.

படுத்திருப்பதும் யோகம்தானா என்ற ஐயம் உங்கள் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. ஆசனம் என்பது உறுதியும் சுகமும் கூடிய இருப்பு என்றுதான் பதஞ்சலி முனிவர் சொன்னார். முயற்சியைத் தளர்த்துவதால் அது கைகூடும் என்பதையும் அடுத்ததாகவே சொல்லிவிட்டார். அண்மைக் காலத்தில் யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார் (1918–2014) திண்டு, போர்வை, நாற்காலி, பட்டை போன்றவற்றை ஆசனங்களுக்குத் துணையாகக் கொண்டுவந்தார். அந்த வழியிலிருந்து வளர்ந்த ஓய்வு யோகத்தை அவருடைய அமெரிக்க மாணவி ஜூடித் ஹான்சன் லாசாட்டர் பரவலாகக் கற்பித்தார். இதில் ஒரு வகுப்புக்கு நான்கைந்து ஆசனங்களே இருக்கும்; ஒவ்வொன்றிலும் பத்து முதல் இருபது நிமிடம் வரை தங்குவோம். முதுகுத்தண்டின் நீளவாக்கில் ஒரு திண்டு, தலைக்கு மடித்த போர்வை, பாதங்களைச் சேர்த்து முழங்கால்களை இருபுறமும் சாய்த்தபின் ஒவ்வொரு தொடையின் அடியிலும் ஒரு போர்வை என்று அமைத்துக்கொண்டால், எந்தத் தசையும் எதையும் தாங்கிப் பிடிக்க வேண்டியதில்லை. அப்போது வெளிமூச்சு தானாகவே நீளும். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்று மெதுவாவது உடலின் இயல்பு. அதனால் உடம்பு ஓய்வுக்கான நிலைக்குத் திரும்புவது எளிதாகிறது.

கேள்வி: குளிர்காலக் காலைகளில் என் உடம்பு மரக்கட்டை போல விறைத்திருக்கிறது. விடியற்காலையில் ஆசனம் செய்வது சரியா?

பதில்: இருட்டோடு எழுந்து, குளிர்ந்த தரையில் நின்று, எடுத்த எடுப்பிலேயே முன்னோக்கி வளைவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. குளிரில் தசைகளும் தசைநாண்களும் இறுகியிருக்கும். அவற்றை வேகமாக இழுத்தால் பிடிப்போ காயமோ ஏற்பட வாய்ப்புண்டு. குளிர்காலத்தில் வகுப்பைப் பொழுது நன்றாகப் புலர்ந்த பிறகு தொடங்குவதே நல்லது. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் உடலின் உள் கடிகாரம் சீராகும் என்பதால், வகுப்புக்கு முன் கம்பளி உடுத்திக்கொண்டு வெளியே பத்து நிமிடம் நடந்துவிட்டு வருவதும் பயன் தரும். பின்பு படுத்த நிலையில் முழங்கால்களை மார்போடு அணைப்பது, தவழும் நிலையில் முதுகை வளைத்து நிமிர்த்துவது, அதற்குப் பிறகு நிதானமான சூரிய நமஸ்காரம் என்று உடம்பைப் படிப்படியாகச் சூடேற்றுங்கள். மூச்சு மூக்கு வழியாகவே நடக்கட்டும். காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்தி உள்ளே அனுப்புவது மூக்கின் வேலை. ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் குளிர்ந்த உலர் காற்று மூச்சிரைப்பைத் தூண்டக்கூடும் என்பதால், அவர்கள் நடையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, மருந்தைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும்.

வகுப்பின் முடிவில் மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அசையாமல் படுத்தால் உடம்பில் உண்டாகும் வெப்பம் குறைந்துவிடும். ஐந்து நிமிடம் முன்பு வியர்த்தவருக்குக்கூடக் குளிரத் தொடங்கும். ஒருமுறை சவாசனத்தின்போது நான் மெல்ல நடந்து வருகையில், ஓர் அம்மையாரின் முகம் அமைதியாக இருந்தது. கால் விரல்கள் மட்டும் உள்நோக்கி இறுக மடங்கியிருந்தன. போர்வையின் ஓரத்தைக் குதிகாலுக்கு அடியில் மடித்துச் செருகி, இன்னொரு போர்வையைப் பாதங்களின் மேல் போட்டேன். இரண்டு மூன்று நிமிடங்களில் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து விரிந்தன. அதன்பிறகு அவர் வயிறு ஏறி இறங்கிய விதமே மாறிவிட்டது. அன்று முதல் ஆளுக்கு மூன்று போர்வை இல்லாமல் நான் குளிர்கால வகுப்பைத் தொடங்குவதில்லை: கீழே ஒன்று, மேலே ஒன்று, கால்களுக்கு ஒன்று. காலுறையைப் படுக்கும்போது மட்டும் அணியுங்கள். நின்று செய்யும் ஆசனங்களில் அது வழுக்கும்.

கேள்வி: 68 வயதான என் தாயாருக்கு இரத்த அழுத்தமும் முழங்கால் வலியும் உண்டு. அழைத்துப் போகலாமா?

பதில்: மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அழைத்துப் போங்கள், ஆசிரியரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தலைகீழ் ஆசனங்களும், கபாலபாதி போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகளும் அவருக்கு வேண்டாம். கண்ணில் நீரழுத்த நோய் (கிளாக்கோமா) இருந்தால், தலை தாழும் எந்த நிலையும் கண்ணின் அழுத்தத்தைக் கூட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். தரையில் படுக்க இயலாவிட்டால் கட்டிலில் படுக்கலாம், நாற்காலியில் அமரலாம். பலனில் குறைவு வராது. எழும்போது மட்டும் ஒரு பக்கமாகப் புரண்டு, கையை ஊன்றி, சற்று உட்கார்ந்திருந்து, பிறகு எழட்டும். படுத்திருந்துவிட்டுச் சட்டென எழுந்தால் தலைசுற்றல் வரலாம்.

கேள்வி: கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்வார்களாமே?

பதில்: கட்டாயமாகப் பறிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டாருக்கு நாளில் ஒருமுறை அழைக்கும் நேரத்தை முன்பே சொல்லிவிட்டு, மற்ற நேரத்தில் அணைத்துப் பெட்டிக்குள் வையுங்கள்.

கேள்வி: நண்பர்கள் எட்டுப் பேருக்காக எங்கள் பழைய வீட்டிலேயே நடத்த நினைக்கிறோம். எந்த அறை ஏற்றது?

பதில்: அழகான அறையைத் தேடாமல், குளிர்காற்று புகாத அறையைத் தேடுங்கள். பழைய வீடுகளில் கதவின் அடியிலுள்ள இடைவெளி வழியே வரும் காற்று தரையை ஒட்டியே ஓடும்; நிற்பவருக்கு அது தெரியாது, படுத்திருப்பவருக்கு உறைக்கும். அதனால் அறையைத் தேர்ந்தெடுக்கும் முன் நீங்களே பத்து நிமிடம் அங்கே படுத்துப் பாருங்கள். கதவடியில் துணியைச் சுருட்டி வையுங்கள். கல் தரையென்றால் யோகா விரிப்புக்குக் கீழே தடித்த கம்பளம் வேண்டும்.

கணப்பு மூட்டுவதாக இருந்தால், இதைத் தயவுசெய்து அக்கறையோடு படியுங்கள். விறகோ கரியோ சரியாக எரியாதபோது வெளிப்படும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றை அடைத்துவிட்ட அறையில், கண்ணை மூடிப் படுத்திருப்பவர்களுக்கு வரும் மயக்கத்தைத் தூக்கம் என்று எண்ணிவிட நேரும். கரிச் சட்டியை உள்ளே கொண்டுவரவே கூடாது. புகைபோக்கி உள்ள கணப்பாக இருந்தாலும், அதைத் துப்புரவு செய்து, கார்பன் மோனாக்சைடைக் கண்டறியும் எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் பொருத்திய பின்னரே பயன்படுத்துங்கள். வகுப்புக்கு முன்பே அறையைச் சூடாக்கிவிட்டு, நெருப்பு முழுவதும் அணைந்து ஆறிய பிறகு எல்லாரையும் படுக்க வைப்பதே என் வழக்கம். யாராவது தலைவலி, குமட்டல் என்று சொன்னால், காரணம் தேடிக்கொண்டிருக்காமல் எல்லாரையும் உடனே வெளியே அழைத்து வந்து மருத்துவ உதவியை நாடுங்கள்.