மிஸ், தள்ளிப்போடுற குளிசை இருக்கா?

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசாமி கோயிலில் கொடியேறுகிற காலம் வந்தால் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பாமசிக் கவுண்டரில் குரல்கள் தாழ்ந்துவிடும். பக்கத்தில் ஆண்கள் நின்றால் "மிஸ், மற்றது" என்று மட்டும் சொல்வார்கள். எது மற்றது என்று நான் ஊகித்துக்கொள்ள வேண்டும். அதனால் போன ஞாயிற்றுக்கிழமை பெண்கள் கொஞ்சப்பேர் கூடியபோது, பெயர் போடாமல் துண்டில் எழுதித் தாருங்கள் என்றேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை. நான் மருந்தாளர். பீரியட்ஸைத் தள்ளிப்போடுகிற இந்த மருந்தை டொக்டர் எழுதித் தரும் மருந்துத் துண்டோடுதான் வாங்க வேண்டும்.

நல்லூர்த் தேரன்றுதான் எனக்குத் திகதி. எத்தனை நாளைக்கு முன் தொடங்குவது? (வயது 29)

டொக்டர்மார் வழக்கமாக எழுதுவது நோரெதிஸ்டிரோன் 5 மில்லிகிராம். பிரிமோலட்-என் என்று கேட்பீர்களே, அதுதான். பீரியட்ஸ் வர வேண்டிய நாளுக்கு மூன்று நாள் முன்பே தொடங்கி, காலை, மதியம், இரவு ஒவ்வொன்று.

மாதச் சுழற்சியின் முடிவில் புரொஜெஸ்டிரோன் என்ற ஹோர்மோனின் அளவு விழும்போதுதான் கருப்பையின் உள்படலம் கழன்று வருகிறது. இந்தக் குளிசை அதன் இடத்தில் நின்று படலத்தைப் பிடித்து வைக்கிறது. படலம் கழலத் தொடங்கிய பிறகு போட்டால் பிடிக்க ஒன்றுமில்லை. முதல் நாள் இரவு ஓடி வருகிறவர்களுக்கு நான் கையை விரிப்பது இதனால்தான்.

நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வரும். தேருக்கு அடுத்த நாள் தீர்த்தம். அதையும் பார்த்துவிட்டு நிறுத்தினால், பெரும்பாலும் கொழும்புக்கு வந்து சேர்ந்த பிறகுதான் வரும். வயிறு ஊதல், மார்பு நோவு, தலையிடி, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் சிலருக்கு உண்டு. வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

குடும்பத்தோடு மக்காவுக்கு 14 நாள் உம்ரா. நடுவில் வந்துவிட்டால் கஃபாவைச் சுற்றித் தவாஃப் செய்ய முடியாதே? (வயது 36)

திகதி பயணத்தின் ஐந்தாம் நாள் என்றால் இரண்டாம் நாள் தொடங்கிக் கடைசி நாள்வரை போட வேண்டியிருக்கும். அவ்வளவு நாளுக்கு டொக்டர் எழுதித் தருவது வழமைதான். சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. நேரத்தை மாற்றிக் குழம்பாமல் கைபேசியில் இலங்கை நேரத்துக்கே அலாரம் வைத்துவிடுங்கள்.

இடையில் சொட்டுச் சொட்டாகக் கறை படலாம், அது எல்லோருக்கும் வராது. வந்தால் அது மாதவிடாய்க் கணக்கில் சேருமா என்பதை மார்க்கம் படித்த ஆலிமிடம் கேளுங்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மகளின் பிரசவத்துக்கு டொரொண்டோ போகிறேன். எனக்கு 44 வயது. அம்மாவுக்குக் காலில் இரத்தம் கட்டி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அதற்கும் இந்தக் குளிசைக்கும் சம்பந்தம் உண்டா?

நிறையவே உண்டு. இதைச் சொல்லாமல் துண்டு வாங்கப் போகாதீர்கள்.

பலருக்குத் தெரியாத விஷயம் இது. நோரெதிஸ்டிரோனை இந்த அளவில் எடுக்கும்போது உடல் அதில் ஒரு சிறு பங்கை எதினைல் ஈஸ்ட்ரடயோலாக மாற்றிவிடுகிறது. கருத்தடைக் குளிசையில் இருக்கிற அதே ஈஸ்ட்ரஜன்தான். இரத்தம் உறையும் ஆபத்து அதனால் கொஞ்சம் கூடும். நான்கு மணித்தியாலத்துக்கு மேல் விமானத்தில் அசையாமல் இருப்பதும் அதையே செய்யும். டொரொண்டோவுக்கு இடையில் மாறி ஏறிப் போக ஏறக்குறைய ஒரு நாள். அதோடு குடும்பத்தில் ஒருவருக்கு வந்திருக்கிறது, வயதும் 35ஐத் தாண்டிவிட்டது. எல்லாம் ஒரே பக்கம் சேர்கிறதே.

இப்படிப்பட்டவர்களுக்கு மெட்ரொக்ஸிபுரொஜெஸ்டிரோன் என்ற வேறு குளிசை உண்டு. அது ஈஸ்ட்ரஜனாக மாறுவதில்லை. 10 மில்லிகிராம் குளிசை, நாளுக்கு மூன்று என்று எழுதுவார்கள். அது உங்களுக்குச் சரிவருமா என்று டொக்டர்தான் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால், பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிற வீட்டில் பீரியட்ஸ் வந்தால் என்ன குறைந்துவிடும்?

முன்பு தனக்கே இரத்தக்கட்டி வந்தவர்கள், மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள், கண்ணில் மின்னல்போல் தெரிந்து ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள், புகைப்பவர்கள், உடல் மிகப் பருத்தவர்கள், எல்லோரும் இதை டொக்டரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். குளிசை எடுக்கும் நாட்களில் ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் நொந்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு நொந்தாலோ, அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாமசிக்கு வந்து நிற்காதீர்கள்.

நான் மிதுரி பாவிக்கிறேன். தனியாக இன்னொன்று வேண்டுமா?

வேண்டாம். மிதுரி கருத்தடைக் குளிசைதானே. அட்டையில் கடைசியாக இருக்கிற கபில நிறக் குளிசைகள் ஏழும் வெறும் இரும்புச்சத்து. அவற்றை விட்டுவிட்டு அடுத்த அட்டையின் வெள்ளைக் குளிசையை மறுநாளே தொடங்கினால் போதும். பயணத்துக்கு முன் அட்டை இரண்டு கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நேற்றே தொடங்கிவிட்டது. தேசிக்காய்ச் சாறு குடித்தால் நிற்குமா?

நிற்காது. வயிறுதான் எரியும்.

ஏ.எல். சோதனை வருகிறது. அந்த நாட்களில் எனக்குச் சரியான வயிற்று நோ. தள்ளிப்போடலாமா? (வயது 18)

மகள், உங்கள் பிரச்சினை திகதியா நோவா என்று முதலில் பாருங்கள். நோ என்றால் மெஃபனமிக் அசிட் போன்ற ஒன்றைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டாலே பலருக்கு அடங்கிவிடும். அல்சரோ ஆஸ்துமாவோ இருந்தால் கேட்காமல் போட வேண்டாம். தள்ளிப்போடத்தான் வேண்டும் என்றால் அம்மாவோடு போய் டொக்டரைப் பாருங்கள். எதையும் சோதனை நாளில் முதன்முதலாகப் போட்டுப் பார்க்கக் கூடாது. முந்திய மாதமே போட்டுப் பாருங்கள்.

கலியாணம் முடிந்து நுவரெலியா போகிறோம். இதைப் போட்டால் பிள்ளை தங்காதுதானே?

தங்கும்! இது கருத்தடைக் குளிசை இல்லை. பாதுகாப்புக்கு வேறு வழி வேண்டும். திகதி ஏற்கனவே தள்ளிப் போயிருந்தால், இதைத் தொடங்கும் முன் சிறுநீர்ப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். குளிசை நிறுத்தி ஒரு வாரமாகியும் வராவிட்டால் மறுபடி ஒன்று.

அக்காவிடம் மிச்சமிருந்த அட்டை இருக்கிறது. அதையே எடுக்கட்டுமா? எனக்கு வலிப்புக்கு மருந்து போகிறது.

வேண்டாம். கார்பமாசெபின், பெனிட்டோயின் போன்ற வலிப்பு மருந்துகள் இதன் வேலையைக் குறைத்துவிடும். காசநோய்க்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசினும் அப்படித்தான். உங்கள் மருந்துகளின் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போங்கள்.

பயண அவதியில் ஒரு வேளை மறந்தால்?

ஞாபகம் வந்தவுடன் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். கறை படக்கூடும், அதனால் கைப்பையில் பேட் ஒன்று இருக்கட்டும். குளிசையையும் சூட்கேசில் போடாமல் அதே கைப்பையிலேயே வையுங்கள்.