அக்கா மகள் டர்பனுக்குத் தொண்டு செய்ய வருகிறாள்: பணம் கட்டலாமா?

கேள்வி: நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் உம்லாங்கா பக்கம் இருக்கிறோம். கோவையில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் அக்கா மகள், மே, ஜூன் விடுமுறையில் இங்கே வந்து தொண்டு செய்ய ஆசைப்படுகிறாள். ஒரு ஏஜென்சி ஆறு வாரத்துக்கு இரண்டு லட்சத்துச் சொச்சம் கேட்கிறது. வார நாட்களில் ஆதரவற்ற குழந்தைகள் இல்லம், சனி ஞாயிறுகளில் தாயை இழந்த சிங்கக் குட்டிகளுக்குப் பால் புகட்டுவது. சான்றிதழும் உண்டாம். சரி என்று சொல்லலாமா?

பதில்: இந்தப் பேக்கேஜுக்குப் பணம் கட்டாதீர்கள். பெண் தாராளமாக வரட்டும். அவளுக்கு இங்கே வேலை இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் சிங்கக் குட்டி. காட்டில் தாயைப் பறிகொடுத்த குட்டி எப்போதாவது ஒன்றிரண்டு கிடைக்கலாம். வருகிற ஆட்களுக்கெல்லாம் மடியில் வைத்துக்கொள்ளத் தோதான குட்டி வருஷம் முழுக்க எப்படிக் கிடைக்கும்? இதற்கென்றே சிங்கம் வளர்க்கும் பண்ணைகள் இருக்கின்றன. அங்கே ஈன்ற குட்டியைச் சில நாட்களிலேயே தாயிடமிருந்து பிரித்துவிடுகிறார்கள். பால் குடிக்கக் குட்டி இல்லாவிட்டால் தாய் சீக்கிரமே மறுபடியும் சினைக்குத் தயாராகிவிடும். காட்டில் ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஈனுகிற பெண் சிங்கம் இங்கே அடுத்தடுத்து ஈனும். "தாய் ஒதுக்கிவிட்டது" என்று சொல்லிப் பால் புட்டியைக் கையில் கொடுப்பார்கள். மனிதர் கையில் வளர்ந்த குட்டியைப் பிறகு காட்டில் விட வழியில்லை. வளர்ந்ததும் வேலி போட்ட இடத்தில் காசு கட்டிச் சுட வருபவர்களுக்குப் போகும், அல்லது எலும்புக்காகப் போகும்.

எலும்பு என்றதும் நம்ப மாட்டீர்கள். 2017இல் அரசே 800 சிங்க எலும்புக்கூடுகளை ஏற்றுமதி செய்யலாம் என்று ஒதுக்கீடு கொடுத்தது. அந்த ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் கொடுத்த ஒதுக்கீடுகள் சட்டத்துக்குப் புறம்பானவை என்று 2019இல் நீதிமன்றம் சொன்னது. இந்த நாட்டில் அடைத்து வளர்க்கப்படும் சிங்கங்கள் 8,000 முதல் 12,000 வரை இருக்கும் என்று மதிப்பீடு. 2021 மே மாதம் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் பார்பரா க்ரீசி இந்தத் தொழிலுக்கு முடிவு கட்டப்போவதாக அறிவித்தார். அறிவித்த கையோடு எல்லாப் பண்ணையும் மூடிவிடவில்லை. ஒழுங்கான சரணாலயம் என்றால் குட்டி போட விடாது, விலங்கை விற்காது, வருகிறவர்களைத் தொடவும் விடாது. இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள், ஏஜென்சிக்காரர் பேச்சை மாற்றிவிடுவார்.

குழந்தைகள் இல்லத்து விஷயம் இன்னும் சிக்கல். நடத்துகிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள்தான். நான் குழந்தைகள் நலப் பணியில் இருப்பதால் இதை அடிக்கடி பார்க்கிறேன்: புதிதாக ஒருவர் வாசலில் காரை விட்டு இறங்கியதும் மூன்று வயதுக் குழந்தை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும். "என்ன பாசம்!" என்று வந்தவருக்குக் கண் கலங்கிவிடும். வீட்டில் வளரும் மூன்று வயதுக் குழந்தை புது ஆளைக் கண்டால் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளியும். இது ஓடி வருகிறதென்றால், வந்து வந்து போனவர்கள் அத்தனை பேர் என்று அர்த்தம். ஆறு வாரம் ஒட்டிக்கொண்டு ஏழாவது வாரம் விட்டுப் போவது குழந்தைக்கு என்ன செய்கிறது என்பதை லிண்டா ரிக்டரும் ஏமி நார்மனும் இந்தப் பகுதி நாடுகளை வைத்தே 2010இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். இன்னொன்று: உலகம் முழுக்க இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலானோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். பாட்டிக்கோ சித்திக்கோ கொஞ்சம் கைகொடுத்தால் வீட்டிலேயே வளரக்கூடிய பிள்ளைகள் பலர். காசு கட்டும் தொண்டர்கள் வந்துகொண்டே இருந்தால், பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப யாருக்கு அவசரம்?

சட்டமும் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி, பிள்ளைகளோடு வேலை பார்க்க வருபவரின் பெயர் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் "பி" பகுதியில், அதாவது பிள்ளைகளோடு வேலை பார்க்கத் தகுதியற்றவர்கள் பட்டியலில், இருக்கிறதா என்று சரிபார்த்தாக வேண்டும். ஊரிலிருந்து காவல்துறைச் சான்றும் கேட்பார்கள். உங்கள் ஏஜென்சி இதையெல்லாம் கேட்டதா? பணமும் பாஸ்போர்ட் நகலும் போதும் என்றால், இதே வழியில் நாளைக்கு யார் வேண்டுமானாலும் அந்தப் பிள்ளைகளிடம் போய்ச் சேரலாம்.

அப்போ பெண் என்னதான் செய்வது? நீங்கள் டர்பனிலேயே இருப்பது பெரிய வசதி, ஏஜென்சியே தேவையில்லை. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம் கோயில்களை ஒட்டித் தமிழ் வகுப்பு நடத்துகிறவர்களைப் போய்ப் பாருங்கள். 1860 முதல் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் வழிவந்த பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். தேவாரம் மனப்பாடமாக வரும், "சாப்பிட்டாயா?" என்று கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். ஆசிரியர்களுக்கும் பேசிப் பழக ஆள் கிடைப்பதில்லை. உங்கள் பெண் ஆசிரியரின் கூடவே உட்கார்ந்து, சின்னச் சின்ன உரையாடல்களைப் பதிவு செய்து, பாட வாரியாக அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போகலாம். அவள் போன பிறகும் வகுப்பில் ஓடும். அவளே வகுப்பெடுத்து ஆசிரியரை ஓரங்கட்டிவிடக் கூடாது, அதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கணினி படிப்பதால், ஏதாவது தொண்டு நிறுவனத்தில் நன்கொடைக் கணக்கையும் சரக்குப் பட்டியலையும் ஒழுங்குபடுத்தித் தரலாம். போட்டோ எடுக்க ஒன்றும் இருக்காது, ஆனால் அங்கே நிஜமாகவே ஆள் தேவை. சுவருக்குப் பெயின்ட் அடிப்பது, சமையலறையில் பரிமாறுவது வேண்டாம். இங்கே 15 முதல் 24 வயது வரை வேலை தேடுகிறவர்களில் பாதிக்கு மேல் வேலையில்லாமல் இருக்கிறார்கள். அந்த வேலையைக் கூலி கொடுத்து உள்ளூர்ப் பையனிடம் கொடுக்கட்டும்.

எங்கே போனாலும் அந்த நிறுவனத்தின் என்.பி.ஓ. (லாப நோக்கற்ற அமைப்பு) பதிவெண்ணைக் கேளுங்கள். சமூக மேம்பாட்டுத் துறையின் இணையப் பட்டியலில் பார்த்துவிடலாம். விசா விண்ணப்பத்தில் சுற்றுலா என்று மட்டும் போட்டுவிட்டு வேலை பார்க்க வேண்டாம். நிறுவனத்தின் அழைப்புக் கடிதத்தை வைத்து, தொண்டுக்காக வருவதாகவே எழுதச் சொல்லுங்கள். ஜூன் இங்கே குளிர்காலம். ஜூன் கடைசி வாக்கில் பள்ளி விடுமுறை தொடங்கிவிடும், வகுப்புகளும் பல இடங்களில் நின்றுவிடும். அதனால் மே முதல் வாரமே அவள் வந்துவிடுவது நல்லது.

முன்பணம் கட்டியாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. கட்டியிருந்தால், ரத்து விதிகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "தேதியை மாற்றித் தருகிறோம்" என்று இழுத்தடித்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.